இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயும் பதினொரு பேரும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 அண்ணல் நினைவு நாள் நிகழ்ச்சிகள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய நோட்டை எடுத்து உட்காருவேன். கிறிஸ்துமஸுக்கு யாருக்கு என்ன கொடுப்பது என்கிற பட்டியல். இந்த ஆண்டு பட்டியலில் பதினொரு பேர். கையில் இருப்பது 2,500 ரூபாய். தொண்டு நிறுவன வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், திட்டம் முடிந்து அடுத்த திட்டம் தொடங்கும்வரை சம்பளம் எப்படி வரும் என்று. இந்தப் பணமும் மூன்று மாதமாக அரிசி டப்பாவுக்கு அடியில் சேர்த்தது.

போன வாரம் பயிற்சி முகாமில் ஒரு தம்பி கேட்டான். "அக்கா, நாம பேசற அரசியலுக்கும் கிஃப்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் கடைக்காரன் கிளப்பி விட்டது." பாதி சரிதான். நவம்பர் கடைசியிலிருந்தே செல்பேசியைத் திறந்தால் தள்ளுபடி விளம்பரம்தான். ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் நம் ஊரில் என்றைக்குமே அரசியல்தான். அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டியலுக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஏரிக்கரையை ஒட்டிய காலனி. ஊர்த் தெருவில் அம்மாவோடு நடவு நட்ட ஒரு அம்மா இருந்தார். இருவரும் ஒரே வயது. வயலில் அப்படிப் பேசிச் சிரிப்பார்கள். தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து முறுக்கும் சோமாசியும் வரும். வரும் என்றால், அம்மா அந்த வீட்டுப் பின்வாசலுக்குப் போய் முந்தானையை ஏந்தி வாங்கி வருவார். பொங்கலுக்கு ஒரு பழைய புடவையும் கிடைக்கும். அது எங்களுக்கு வழக்கமாகத்தான் தெரிந்தது. அந்த வயதில் முறுக்குக் கிடைத்தால் போதும்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு கிறிஸ்துமஸ். காலை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் அதிரசமும் நாலு துண்டு கேக்கும் வைத்து, மேலே துணி போட்டு, என்னிடம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினார். புதுப் பாவாடையோடு முன்வாசலில் போய் நின்றேன். அந்த அம்மா வெளியே வந்து தட்டைப் பார்த்தார். முகம் ஒன்றும் கோபமாக இல்லை. "வேணாம்மா, அவரு மலைக்கு மாலை போட்டிருக்காரு, வீட்ல இதெல்லாம் சேத்துக்க முடியாது. நீங்க சாப்பிடுங்க" என்றார். திரும்பி வந்து அப்படியே சொன்னேன். சரி, விரதம்தானே என்று அம்மாவும் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் யாரும் மாலை போடவில்லை. அந்த ஆண்டு, "பசங்க யாரும் இனிப்பே தொடறதில்ல" என்றார்கள். மூன்றாம் ஆண்டு நானே தட்டை எடுத்தபோது அம்மா வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "போவாத வுடு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு தீபாவளிக்கு அவரும் பின்வாசலுக்குப் போகவில்லை. நடவில் இருவரும் பேசிக்கொண்டார்கள். முறுக்கு மட்டும் நின்றுபோனது.

இது எனக்குப் புரிய பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. சென்னையில் எம்.ஏ. சமூகவியல் வகுப்பு. மார்செல் மோஸ் என்கிற பிரெஞ்சு அறிஞர் 1925-இல் அன்பளிப்பைப் பற்றி எழுதிய நூலைப் பேராசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். மோஸ் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: அன்பளிப்பில் மூன்று கடமைகள் இருக்கின்றன. கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். இந்த மூன்றும் சுற்றிச் சுற்றி நடப்பதால்தான் உறவு உண்டாகிறது. வகுப்பில் எல்லோரும் பசிபிக் தீவுகளைப் பற்றியும் வட அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றியும் குறிப்பெடுத்தார்கள். எனக்குத் துணி போட்ட அந்த எவர்சில்வர் தட்டு கண்முன் வந்துவிட்டது. அவர்கள் எங்களுக்குக் கொடுப்பார்கள். நாங்கள் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். மூன்று கடமைகளில் இரண்டாவதை மறுத்துவிட்டால் மூன்றாவதற்கு வழியே இல்லை. வாங்கிக்கொள்ள மறுப்பதால்தான் அந்த முறுக்கு பிச்சையானது. சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: பண்டிகை நாளில் தட்டு எந்தப் பக்கமாகப் போகிறது, எந்தப் பக்கம் திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவள் ஒழுங்காக நடந்துகொண்டிருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

அப்போது ஒரு காலனியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்திக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு நிறுவனத்திலிருந்து அறுபது புத்தகப் பைகள் வந்தன. பேனர் கட்டினோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினோம். பட்டியலில் எண் போட்டு, எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டோம். ஒவ்வொருவரும் பையைப் பிடித்துக்கொண்டு பேனர் முன் நிற்க வேண்டும், படம் எடுப்போம். அறுபது பைக்கு அறுபது படம் கணக்குக் காட்ட வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வரவில்லை. "எனக்குப் பை இருக்குக்கா. எங்கப்பா வாங்கிக் குடுத்தாரு" என்றாள். எனக்கு அவசரம். "பரவால்ல, இதையும் வெச்சுக்க, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிற்க வைத்துப் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா மையத்துக்கு வந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். சண்டை போடவில்லை. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே சொன்னார். "ஜூன் மாசத்துல நானூத்தி அம்பது ரூவாய்க்கு அவளே செலக்ட் பண்ண பைம்மா அது. இப்ப எல்லாப் புள்ளைங்களும் ஒரே பை போட்டுட்டுப் போவுதுன்னு அவளும் இத மாட்டிக்கிட்டா. அத மூலைல வெச்சிட்டா. நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு பை கொடுத்தேன் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். உண்மையில் ஒரு தகப்பன் தன் மகளுக்குக் கொடுத்ததை எடுத்து மூலையில் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு மையத்தில் முறையை மாற்றினோம். எங்காவது பொருள்கள் வந்தால் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெற்றோரைக் கூப்பிடுவோம். மேசையில் பரப்பி வைப்போம். இருபது ரூபாய் உண்டியலில் போட்டுவிட்டு, தங்கள் பிள்ளைக்கு எது வேண்டும் என்று அவர்களே பார்த்து எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் கையால் கொடுப்பார்கள். படம் கிடையாது. உண்டியல் பணம் மையத்தின் செலவுக்கு. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது அம்மாவோ அப்பாவோ வாங்கிக் கொடுத்தது. படம் இல்லாமல் பணம் தரமாட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டு ஆண்டு பொருள் குறைந்தது உண்மை. களப்பணிக்கு வரும் மாணவர்களே, உங்கள் ஊரிலும் இந்த மாதம் 'கிறிஸ்துமஸ் உதவி' என்று மூட்டைகள் இறங்கும். வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொருள் யார் கையிலிருந்து அந்தப் பிள்ளையின் கைக்குப் போகிறது என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது பட்டியல். நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இவர்கள் ஆண்டு முழுக்க எதை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறார்கள்? இதை வாங்கிக்கொண்டால் எனக்கு எப்படித் திருப்பிச் செய்வது என்று இவர்கள் கவலைப்படுவார்களா? இதைக் கொடுக்கும்போது இவர்களுடைய இல்லாமையை நான் சுட்டிக்காட்டுகிறேனா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். 2,000 ரூபாய்ப் புடவையை நான் சித்திக்கு எடுத்துக் கொடுத்தால், பொங்கலுக்குள் சித்தி யாரிடமாவது கடன் வாங்கியாவது எனக்கு ஒன்று எடுப்பார். கையில் பணம் குறைவாக இருப்பதில் உள்ள ஒரே நல்லது, நம்மால் யாரையும் கடனாளி ஆக்க முடியாது.

தம்பி இருசக்கர வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். வடகிழக்குப் பருவமழை முழுக்கக் கிழிந்த மழைக்கோட்டைப் பிளாஸ்டிக் டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டு ஓடினான். அவனுக்குப் பேண்ட்டோடு சேர்ந்த மழைக்கோட்டு, 350. தம்பி மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன கத்திரி. நல்ல தையல் கத்திரி 250. சமையலுக்கானதைப் பெண்களுக்கு வாங்காமல் இருப்பது என் பழக்கம். அவளுடைய தொழிலுக்கு வாங்கினால் அவள் முகமே வேறு மாதிரி இருக்கிறது.

சித்தி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஏரி வேலைக்குப் பழைய குளிர்பான பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார், பத்து மணிக்குள் அது கொதித்துவிடும். சூடும் குளிர்ச்சியும் தாங்கும் ஸ்டீல் பாட்டில் 250. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு டார்ச் லைட் 120. காலனிக்கு வெளியே ராத்திரி எதற்குப் போக வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் மணி அடிக்கும் தாத்தா மார்கழிப் பனியில் விடிவதற்கு முன்பே வந்து கயிற்றைப் பிடிக்கிறார். அவருக்கு மஃப்ளர் 130.

தம்பி மகன் இரண்டாவது படிக்கிறான். கலர் பென்சிலும் படம் வரையும் நோட்டும் 100. மகள் எட்டாவது. அவளுக்குப் புத்தகம், 150-க்குள். புத்தகம் என்றதும் ஒரு தகவல். சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு தருகிறார்கள். அது பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நடப்பதால் கிறிஸ்துமஸுக்கு உதவாது என்று நினைக்காதீர்கள். நான் ஜனவரியிலேயே அடுத்த டிசம்பருக்கு வாங்கி வைத்துவிடுகிறேன். பதினோரு மாதத்தில் நானும் ஒருமுறை படித்துவிடலாம், அட்டை மடங்காமல்.

புத்தகப் பை வேண்டாம் என்றாளே, அந்தப் பெண் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். எங்கள் மையத்தில் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித் தருகிறாள். அவளுக்குப் பாமாவின் 'கருக்கு', 230. 1992-இல் வந்த புத்தகம். கன்னியாஸ்திரியாகி, மடத்துக்குள்ளும் சாதியைப் பார்த்து, அங்கிருந்து வெளியே வந்த ஒரு தலித் பெண் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. கோயிலுக்குள் சாதி இல்லை என்று அவளிடம் யாரும் பொய் சொல்லக் கூடாது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித்துகளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சுவர் எழுப்பிய சபைதான் நம்முடையது. சபைகள் வேறாக இருக்கலாம், நோய் ஒன்றுதான்.

சித்தி மகனுக்குத்தான் கொஞ்சம் யோசித்தேன். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான். எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறான். போன மழையில் பத்தாவது மதிப்பெண் பட்டியலின் ஓரம் நனைந்துவிட்டது. அவனுக்கு ஜிப் வைத்த சான்றிதழ் ஃபைலும், எல்லாவற்றுக்கும் மூன்று நகலும், ஸ்கேன் செய்த பிரதியும், 200. வாங்கிவிட்டேன். பிரவுன் ஷீட் போட்டுச் சுற்றி, மேலே பெயர் எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் கை நின்றது. எந்தப் பெயரை எழுதுவது?

அவனுக்கு இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. எங்கள் குடும்பத்திலேயே சிலருக்கு 'இந்து ஆதி திராவிடர்', சிலருக்கு 'கிறிஸ்தவ ஆதி திராவிடர்'. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும்தான் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதி திராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம். எங்கள் தட்டை மறுத்த வீட்டில் எங்கள் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் காலனி, அவ்வளவுதான். சான்றிதழ் கேட்பது அரசாங்கம் மட்டும்தான்.

அவனிடமே கேட்டேன். சிரித்தான். "ரெண்டும் வேணாக்கா. 'தம்பிக்கு'ன்னு எழுதிடு." அப்படியே எழுதினேன். வேறு என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதுவரை ஒன்பது பேர், 1,780 ரூபாய். பத்தாவது ஆள் என்னோடு வேலை செய்யும் தோழி. ஊர்த் தெருவில் பிறந்தவள். அவளுக்கு நான் எதுவும் வாங்குவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு தட்டு அதிரசம் கொண்டுபோவேன், அதே எவர்சில்வர் தட்டு. முதல் ஆண்டு அவள் அம்மா கதவைத் திறந்தபோது என் கை நடுங்கியது அவளுக்குத் தெரியாது. அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, என் எதிரிலேயே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "பாகு இன்னும் கொஞ்சம் எறக்கி இருக்கலாம்" என்றார். அந்தக் குறை கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பொங்கலுக்கு அந்தத் தட்டு சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வரும். வெல்லம், பச்சரிசி, பிரவுன் ஷீட் எல்லாம் சேர்த்து 220.

டிசம்பர் 25 நமக்குக் கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1927-இல் இதே நாளில்தான் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். 1968-இல் இதே நாள் இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட மக்கள் அவர்கள். உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. அந்த மக்கள் யாரிடமும் அன்பளிப்புக் கேட்கவில்லை. உழைத்ததற்குக் கூலி கேட்டார்கள். பழைய புடவையை மனமுவந்து கொடுக்கிற கை, கூலியைக் கூட்டிக் கேட்டால் நெருப்பை எடுக்கும் என்பதை நாம் மறந்துவிட்டு இந்த நாளைக் கொண்டாட முடியாது. தம்பி மகளுக்கு இந்த ஆண்டு எட்டாவது. புத்தகத்தோடு வெண்மணியையும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பதினோராவது ஆள் அம்மா. அம்மா பல ஆண்டாகப் பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பண்டிகைக்குப் பண்டிகை தெருவில் கொடுப்பதையெல்லாம் வாங்கி வருவார். ஊசிப்போன இனிப்பும் வரும். கறைபட்ட புடவையும் வரும். சிலர் நல்லதாகவும் கொடுப்பார்கள், அதையும் சொல்ல வேண்டும். "குடுக்கறவங்க கையப் பாக்காத, கண்ணப் பாரு" என்பார். கண் சரியில்லாதவர்கள் கொடுத்தது வாசலில் மிதியடியாகக் கிடக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்பேன். "எனக்கு இன்னாத்துக்கு, ஒண்ணும் வேணா" என்பார். நானும் ஏதாவது வாங்குவேன். அது பீரோவில் அப்படியே இருக்கும். இந்த முறை வேறு மாதிரி கேட்டேன். "உங்கிட்ட ஐந்நூறு ரூபா இருந்தா இன்னா பண்ணுவ?" கொஞ்ச நேரம் பேசவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "கேரல்ஸுக்கு வர்ற புள்ளைங்க இருபது முப்பது வரும். எல்லா வூட்லயும் காசு குடுக்கறாங்க. நான் டீத்தண்ணி மட்டும் போட்டுக் குடுக்கறேன். ஆளுக்குப் பத்து ரூவா என் கையால குடுக்கணும்."

மிச்சம் இருந்தது சரியாக 500. வங்கியில் பத்து ரூபாய்த் தாள் கேட்டால் நாணயம்தான் இருக்கிறது என்றார்கள். மளிகைக் கடை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், 23-ஆம் தேதிக்குள் புதுத் தாளாக ஐம்பது சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.